கூடவே நின்று பார்த்தபோது கண்டது: உங்கள் அனுபவம் என்ன?

மளிகைக்கடைகளுக்கு பில் போடும் ஆப் செய்கிற நிறுவனத்தில் இருந்தேன். கடைக்காரர்களை ஆபீசுக்கு வரவழைத்து, ஏசி அறையில் டீ கொடுத்துக் காட்டினோம். எல்லாரும் "நல்லா இருக்கு தம்பி" என்றார்கள். இரண்டாவது வாரம் பார்த்தால் முக்கால்வாசிப் பேர் ஆப்பைத் திறக்கவே இல்லை.

சரி, என்னதான் நடக்கிறது என்று மதுரையில் ஒரு கடையில் நான்கு நாள் போய் நின்றேன். முதல் நாள் முழுக்க அண்ணாச்சி ஆப்பில்தான் பில் போட்டார். எனக்காக! மறுநாள் மாலை கூட்டம் ஏறியதும் நான் நிற்பதையே மறந்துவிட்டார்.

ஒரே நேரத்தில் ஐந்து பேர். ஒருவருக்குத் துவரம்பருப்பு நிறுக்கும்போதே இன்னொருவர் கடலை எண்ணெய் கேட்பார், நடுவில் ஒரு பையன் சீட்டை நீட்டுவான். எங்கள் ஆப்பில் ஒரு பில் முடிந்தால்தான் அடுத்தது. அவரோ பிஸ்கட் அட்டையைக் கிழித்து ஆளுக்கொரு துண்டாக ஐந்து கணக்கையும் ஓட்டினார். போதாக்குறைக்கு எண்ணெய்க் கை. ஸ்கிரீன் எங்கே கேட்கும்?

பற்று நோட்டுதான் எங்களைக் கவிழ்த்தது. மொபைல் எண் போடாமல் எங்கள் ஆப்பில் கடன் கணக்கே தொடங்க முடியாது. அவர் நோட்டில் ஒரு எண்கூட இல்லை. 'மாடி வீட்டு அக்கா', 'டெய்லர் மாமியார்', 'பச்சை கேட்' என்றே பக்கங்கள். ஏன் நம்பர் வாங்கவில்லை என்று கேட்டேன். "தெருவுல இருக்கறவங்ககிட்ட நம்பர் கேட்டா, நம்பலைன்னு ஆயிடும் தம்பி."

மொபைல் எண் கேட்கும் அந்த ஒரு கட்டத்தை நீக்க மேனேஜரிடம் இரண்டு மாதம் மன்றாடினேன். கடைசியில் அவரையே ஒரு மாலை அந்தக் கடையில் நிறுத்தினேன். மறுநாளே நீக்கச் சொல்லிவிட்டார்.

*

எனக்கு வாய்த்தது விவரம் பதியும் டேப்லெட் கணினி. வீடு வீடாகப் போகும் கிராம சுகாதாரச் செவிலியர் ஒருவரோடு நடந்தேன். எந்த வீட்டிலும் அவர் டேப்லெட்டை வெளியே எடுக்கவில்லை. நோட்டில் எழுதிக்கொண்டு, இரவில் மகளை விட்டு ஏற்றச் சொல்வார். 'சிக்னல் பிரச்சினை' என்று எழுதி இரண்டு அடிக்கோடும் போட்டுவிட்டேன். மூன்றாம் நாள் நடக்கும்போது அவராகச் சொன்னார்: "நான் குனிஞ்சு தட்டிக்கிட்டே இருந்தா, மாசமா இருக்கற பொண்ணு பேச்சை நிறுத்திடுது சார்." சிக்னல் அங்கே நன்றாகவே வந்தது. நான்தான் பார்க்கவில்லை.

*

1980களில் அமெரிக்காவில், ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில் மானுடவியலாளர் லூசி சக்மன் இதைத்தான் செய்தார். நகல் இயந்திரத்தோடு மல்லுக்கட்டுகிறவர்களைப் படம் பிடித்தார். அப்படித் திணறியவர்களில் ஒருவர் ஆலன் நியூவெல், 1975-இல் கணினித் துறையின் உயரிய விருதான டூரிங் விருது பெற்ற அறிஞர்! அதற்குமேல் 'பயனருக்கு விவரம் போதாது' என்று யார் சொல்ல முடியும்?

*

முதல் பதிவு எழுதியவரிடம்: அப்புறம் அண்ணாச்சி ஆப்புக்கு மாறினாரா?

*

பாதி மாறினார். இப்போது ஐந்து பில்லையும் ஒன்றாகத் திறந்து வைக்கலாம் என்பதால் பில் ஆப்பில்தான். பற்று மட்டும் இன்னும் நோட்டில். நம்பர் கேட்பதை எடுத்த பிறகும் ஏன் என்று தெரியவில்லை. அடுத்த மாதம் மறுபடி போய் நிற்கப் போகிறேன்.