பழைய பிரஷர் உள்ள கர்ப்பிணிக்கு ஆஸ்பிரினின் 62 வீதப் பலன் பொருந்துமா?

கல்லடியான்: களுவாஞ்சிக்குடி மாமி நேற்று இங்கே எழுதியதை வாசித்து எரிச்சலாகிவிட்டது. கர்ப்பத்துக்கு முன்பே பிரஷர் உள்ளவர்கள் 12ஆம் கிழமையில் ஆஸ்பிரின் தொடங்கினால் பிரீஎக்லாம்சியா, அதாவது கர்ப்பத்தில் பிரஷர் ஏறி உறுப்புகளைத் தாக்கும் நோய், 62 வீதம் குறையுமாம். அந்த 62 வந்தது 2017இல் வெளியான ஆஸ்ப்ரே ஆய்விலிருந்து. ஆபத்துக் கூடிய 1,776 பெண்கள், இரவில் 150 மில்லிகிராம். 37 கிழமைக்கு முன் வருகிற பிரீஎக்லாம்சியா 4.3 வீதத்திலிருந்து 1.6 ஆனது. சரி. ஆனால் அதே குழு பிரித்துப் பார்த்தபோது, ஏற்கெனவே பிரஷர் இருந்த 110 பேரிடம் பலன் தெரியவில்லை. ஆஸ்பிரின் எடுத்த 49 பேரில் 5, வெற்று மாத்திரை எடுத்த 61 பேரில் 5. இதை ஏன் மறைத்தீர்கள்?

களுவாஞ்சிக்குடி மாமி: மறைக்க நான் என்ன கள்ளியா? ஐந்துக்கு ஐந்து! இதை வைத்தா தீர்ப்பு எழுதுகிறீர்கள், தம்பி? நான் பிரசவ வார்டில் வேலை செய்தவள். 170/110 ஏறி, முகம் ஊதி, "கண் மங்குது மிஸ்ஸி" என்று கட்டில் கம்பியை இறுக்கிப் பிடித்த பிள்ளையைப் பார்த்திருக்கிறேன். பழைய பிரஷர்காரரையும் ஆபத்துக் கூடியவர்களில் சேர்த்துத்தான் உலக சுகாதார நிறுவனம் 20 கிழமைக்கு முன்பே 75 மில்லிகிராம் தொடங்கச் சொல்கிறது.

கல்லடியான்: வார்டுக் கதை வேண்டாம் மாமி. 110 பேருக்குப் பதில் சொல்லுங்கள்.

அக்கரைப்பற்று காக்கா: ஆஸ்பிரினை ஒரு பக்கம் வையுங்கள். லோசாட்டன் என்ற பிரஷர் மாத்திரையைக் குடித்துக்கொண்டே பிள்ளைத்தாச்சியாகிறவர்கள் எத்தனை பேர்! அது குழந்தையின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். டொக்டரிடம் சொல்லி மெத்தில்டோப்பாவுக்கோ நிபெடிபினுக்கோ மாறவேண்டும். 2022இல் 2,408 பெண்களை வைத்துச் செய்த சாப் ஆய்வும் பிரஷரை 140/90க்குக் கீழே வைத்தால் தாய்க்கு நல்லது, பிள்ளையின் வளர்ச்சியும் குறையவில்லை என்று காட்டியது.

கல்லடியான்: காக்கா, அது வேறு கதை. 110 பேர்!

களுவாஞ்சிக்குடி மாமி: இவருக்கு 110ஐத் தவிர வேறு எண் தெரியாது. போன வருஷம் டெங்குப் பேச்சிலும் பப்பாளி இலைச் சாறு என்று நின்றவர் இவர்தான். கேளுங்கள்: 110 பேரில் பலன் தெரியாதது வேறு, பலன் இல்லை என்பது வேறு. அதே ஆய்வில் மாத்திரையை ஒழுங்காக எடுத்தவர்களுக்குப் பலன் கூடுதலாகவே இருந்தது. அதை ஏன் நீங்கள் எழுதவில்லை?

லண்டன் மட்டுநகரான்: பிரிட்டன், ஸ்பெயின், இத்தாலி, பெல்ஜியம், கிரீஸ், இஸ்ரேல். அங்கே எடுத்த கணக்கு அது. மட்டக்களப்புப் பெண்ணுக்கு அப்படியே ஒட்டுமா?

களுவாஞ்சிக்குடி மாமி: லண்டனில் குளிர்காய்ந்துகொண்டு மட்டக்களப்புப் பெண்ணுக்காக அழவேண்டாம். வாகரைப் பக்கத்தில் கிளினிக்குக்கு பஸ் பார்த்து நிற்கிறவளுக்கு யார் துணை? வீடு வீடாகப் போகிற மருத்துவமாதுதான்.

லண்டன் மட்டுநகரான்: எங்கே இருந்தாலும் நானும் இந்த மண்தான் மாமி. பேச உரிமை உண்டு.

கல்லடியான்: பார்த்தீர்களா, வாகரைக்குப் போய்விட்டார். 62 வீதம் பழைய பிரஷர்காரருக்குச் சொன்னது பிழை என்று ஒரு வரி எழுதினால் போதும்.

களுவாஞ்சிக்குடி மாமி: எழுதமாட்டேன். உங்கள் பேச்சைக் கேட்டு ஒரு பிள்ளை மாத்திரையை நிறுத்தினால் அந்தப் பழி உங்களுக்கு.

கல்லடியான்: நிறுத்தச் சொல்லி நான் எங்கே எழுதினேன்? வரியைக் காட்டுங்கள்.