கோயாங் ஸ்டேடியம், இல்சான் ஏரி: ஒரே நாள்ல பாக்க முடியுமா?

சியோல்_மாணவன்:
சியோலுக்குப் படிக்க வந்து ஒன்றரை வருஷம் ஆச்சு, பக்கத்து ஊரான கோயாங் பக்கம் இதுவரைக்கும் போனதே இல்ல. அடுத்த மாசம் அம்மாவும் தங்கச்சியும் ஊர்லேர்ந்து வர்றாங்க. பிடிஎஸ் பாட்டுக் குழுவோட ஆர்எம் வளர்ந்த ஊராச்சே, அங்க இருக்குற இல்சான் ஏரிக்கரையில ஒரு தடவையாவது நடந்தே தீரணும்னு தங்கச்சி ஒத்தக்கால்ல நிக்கிறா. எனக்கு ஸ்டேடியம் பாக்கணும். அம்மாவுக்கு முட்டி வலி. ஒரே ஒரு ஞாயித்துக்கிழமைதான் கையில இருக்கு, எப்டி பிளான் பண்றது?

இல்சான்வாசி:
தாராளமா முடியும் தம்பி. சியோல் ஸ்டேஷன்லேர்ந்து ஜிடிஎக்ஸ்-ஏ வேக ரயில்ல ஏறுங்க, 2024 டிசம்பர்ல தொறந்தாங்க, இங்க கின்டெக்ஸ் ஸ்டேஷன் வர்றதுக்கு இருபது நிமிஷம் கூட ஆகாது. மெட்ரோ மூணாம் லைன்ல வந்தா காசு கம்மி, ஆனா முக்கா மணி நேரத்துக்கு மேல உக்காந்திருக்கணும், கடைசி ஸ்டேஷன் தேஹ்வா, அங்கேர்ந்து ஸ்டேடியம் நடக்குற தூரம்தான்.

ஸ்டேடியத்துக்கு ரொம்ப நேரம் ஒதுக்காதீங்க. நான் சும்மா போன ரெண்டு தடவையும் வெளிய சுத்திப் பாத்துட்டுதான் வந்தேன். 2003ல கட்டினது, 41,000 பேர் உக்காரலாம், ஆனா சுத்தி ஓட்டப்பந்தய டிராக் இருக்குறதால ஃபுட்பால் பாக்க கிரவுண்டு ரொம்ப தள்ளித் தெரியும். கச்சேரிக்குத்தான் இப்ப மவுசு. சியோல்ல ஜாம்சில் ஸ்டேடியத்த புதுப்பிக்க மூடினதுலேர்ந்து பெரிய பேண்டெல்லாம் இங்கதான் வருது, 2025 ஏப்ரல்ல கோல்ட்பிளே மட்டும் ஆறு நாள் பாடினாங்க. அந்த மாதிரி நாள்ல மட்டும் வந்துடாதீங்க, ராத்திரி தேஹ்வா ஸ்டேஷன் படிக்கட்டுல ஒரு அடி எடுத்து வைக்க முடியாம நான் நின்னிருக்கேன், அம்மாவுக்கு தாங்காது.

ஏரிக்குதான் பாதி நாள் குடுங்க. அது மனுஷன் வெட்டின ஏரிங்க. வயக்காடா கெடந்த இடத்துல, சியோல்ல வீடு கெடைக்காம ஜனம் தவிச்சப்ப 1989ல இல்சான் புதுநகரம் அறிவிச்சாங்க, 1996ல இந்தப் பூங்கா தொறந்தாங்க. பாதையெல்லாம் சமதளம், அம்மா நிம்மதியா நடக்கலாம். வோல்பாஜோங்னு ஒரு மண்டபம் இருக்கு, அதுக்குப் போற பாலத்துல நின்னு பாருங்க, சாயந்தர வெயில்ல பின்னாடி இருக்குற அடுக்குமாடியெல்லாம் அப்டியே தண்ணில தெரியும். பதினோரு வருஷமா பாக்குறேன், அலுக்கல.

வன்னிப்பெடியன்:
அந்த ஸ்டேடியத்த சும்மா கடந்து போகாதீங்கோ. 2021 ஜூன் 9ல எங்கட இலங்கை டீம் உலகக் கோப்பை தகுதிச் சுற்றுல கொரியாவோட அங்கதான் விளையாடினது. கொரோனாவால அந்த குரூப்பின்ர மிச்ச மட்ச் எல்லாத்தையும் கோயாங்கிலயே வச்சவங்கள். 5-0 எண்டு தோத்தம், ஆனா 2019ல ஹ்வாசோங்கில 8-0 வாங்கின டீம் அது, அதனால எனக்கு அது பெரிய விசயம். ரெண்டு நாளுக்கு முந்தித்தான் 2002 உலகக் கோப்பை வீரர் யூ சாங்-சுல் புற்றுநோயில இறந்தவர், கொரிய வீரர்கள் கையில கறுப்புப் பட்டி கட்டி விளையாடினவை. ஃபேக்டரி விடுதியில ஃபோனை சுவத்தில சாத்தி வச்சு ஏழு பேர் குந்தியிருந்து பாத்தனாங்கள்.

சைக்கிள்_தினமும்:
கோயாங்லயே இருக்குற ஹேங்ஜு மலைக்கோட்டைய யாருமே சொல்லலையே! 1593ல ஜப்பான் படை 30,000 பேர் வந்தப்போ கொரிய ஜெனரல் க்வோன் யுல் 3,000 பேருக்கும் கொறைவான ஆளுங்கள வச்சு ஜெயிச்ச இடம், பொம்பளைங்க பாவாடையில கல்லு அள்ளிட்டு வந்து குடுத்தாங்கன்னு இன்னிக்கும் சொல்லுவாங்க. மேல ஏறி நின்னா ஹான் ஆறு நல்லா தெரியும். 125 மீட்டர்தான், ஆனா வாசல்லேர்ந்து முழுக்க ஏத்தம், அதனால நீயும் தங்கச்சியும் மட்டும் ஏறுங்க. அடிவாரத்துல நூடுல்ஸ் கடைங்க இருக்கு, சைக்கிள்காரங்க கூட்டம் அள்ளும். வெங்கலச் சட்டி அளவுக்கு கிண்ணம், நெத்திலி போட்டு கொதிக்க வச்ச சாறு, ஆவி மூஞ்சில அடிக்கும். அம்மா அங்க உக்காரட்டும்.

சியோல்_மாணவன்:
ரொம்ப நன்றி எல்லாருக்கும். வன்னி அண்ணே, அந்த மேட்ச் இங்க நடந்ததுன்னு சத்தியமா தெரியாது, போட்டோ எடுத்து இங்கயே போடுறேன். அம்மா சுத்த சைவம், நெத்திலி சாறு ஆகாது, அதனால புளிசாதம் கட்டி எடுத்துட்டுப் போய் ஏரிக்கரையில சாப்ட்டுட்டு அப்புறமா கோட்டைக்குப் போறோம்.