பிலிப்பினோ சாப்பாடும் எங்கட கடைச் சாமானும், உங்கட அனுபவத்தையும் சொல்லுங்கோ

நான் கனடாவில, ஸ்காபரோவில ஒரு முதியோர் இல்லத்தில வேலை செய்யிறன், என்ர ஷிஃப்டில நிக்கிற ஆக்களில பாதிப்பேர் பிலிப்பைன்ஸ்காரர். அதில ஒரு அக்கா, இலோயிலோ பக்கத்து ஆள், போன கிறிஸ்மஸுக்கு உபே ஹலாயா கிண்டவேணும் எண்டு ஒற்றைக்கால்ல நிண்டவ. எங்கட தொதல் மாதிரி கிண்டுற ஒரு இனிப்பு, ஆனா கத்தரிப்பூ நிறம். அவையின்ர கடையில துருவி ஃப்ரோஸனா வாற உபே முடிஞ்சுபோச்சாம். போனில கிழங்கின்ர படத்தைக் காட்டினா, எனக்குச் சிரிப்பு வந்திட்டுது. இது எங்கட ராசவள்ளிக்கிழங்கெல்லே!

வேலை முடிய நேர தமிழ்க் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனன். தோலை நகத்தால சுரண்டி உள்ளுக்கு ஊதா தெரியுதோ எண்டு பாத்திட்டுத்தான் நம்பினவ. நாங்கள் அவிச்சு மசிச்சு தேங்காய்ப்பால், சீனி, ஒரு சிட்டிகை உப்புப் போட்டுக் கஞ்சியாக் குடிச்சிட்டுப் போயிடுவம், அவை கண்டென்ஸ்ட் மில்க், பட்டர் எல்லாம் விட்டு சட்டியில ஒட்டாம திரளும்வரைக்கும் கிண்டுகினம், முக்கால் மணித்தியாலம் கையெடுக்கேலாது. நிறம் மட்டும் மங்கலா வந்திட்டுது. கடைப் பலகாரத்தில நிறத்துக்கு எசன்ஸ் விடுறவை எண்டு அவவே சொன்னா, நான் கேட்டாத்தானே, என்ர அதிபுத்திக்கு ரெண்டு கரண்டி பீட்ரூட் சாறு விட்டன். பிறகென்ன, ரோஸ் கலர்ல ஒரு களிம்பு. ருசி நல்லாத்தான் இருந்தது, படம் எடுக்க விடேல்ல.

அடோபோவுக்கும் அதே கதை, அது வினாகிரியும் சோயா சோஸும் விட்டு வைக்கிற இறைச்சிக் கறி. வெள்ளை வினாகிரி மூக்கில ஏறுதாம், அவையின்ர ஊரில தென்னங்கள்ளு வினாகிரியும் விடுறவையாம், கள்ளுக்கு ‘துபா’ எண்டு பேர். இலங்கைத் தென்னை வினாகிரிப் போத்தல் ஒண்டு எடுத்துக் குடுத்தன், மணந்து பாத்திட்டுக் கட்டிப்பிடிச்சவ. வினாகிரி விட்டாப் பிறகு கொதிக்கும்வரை கிளறக்கூடாதாம். தெரியாம அகப்பையைத் தூக்கினன், கையில ஒரு தட்டு விழுந்தது.

——

அக்கா, படிச்சதும் தோஹா ரூம் ஞாபகம் வந்துடுச்சு. நாலு அடுப்பு, ரெண்டு எங்களுக்கு, ரெண்டு பிலிப்பினோ பசங்களுக்கு. ஒரு வெள்ளிக்கிழமை சினிகாங் வைக்கிறாங்க, புளிப்புக்குப் போடுற பவுடர் பாக்கெட் காலி. அம்மா குடுத்துவிட்ட புளி இருக்கேன்னு பெருமையா எலுமிச்சை சைஸ் கரைச்சுக் குடுத்தேன். அவங்களுக்கு அது புளியங்காய்ல வைக்கிற தெளிஞ்ச சூப்பு, நம்மளுது பழம்புளி, கொதிச்சதும் கருகருன்னு புளிக்குழம்பு கலர். ஒருத்தன் சட்டிய எட்டிப் பாத்துட்டு இன்னைக்கு அடோபோவான்னு கேக்குறான்! அடுத்த தடவ தக்காளிய நிறையப் போட்டு, இறக்குனப்புறம் எலுமிச்சம்பழம் பிழிஞ்சோம், அது செட் ஆச்சு. ஊர்ல பன்றிக்கறில வைப்பாங்களாம், அங்க அது நினைச்ச கடைல கிடைக்காது, அதனால இறால்.

டினோலாவுக்கு பிரச்சனையே இல்ல, இஞ்சி போட்ட கோழிச் சாறுதான். பப்பாளிக்காய் இல்லைன்னா சௌசௌ, அது அவங்க ஊர்லயும் போடுறதுதான். கீரைக்கு ‘மலுங்காய்’ வேணும்னாங்க, என்னடா காய்னு மலையாளிக் கடைக்குப் போனா அவன் கை நேரா முருங்கைக்கீரை கட்டுமேல போகுது. பேரையே திரும்பச் சொல்லிப் பாருங்க.

வாழைப்பூ, கத்தரிக்காய் எல்லாம் போட்டு வேர்க்கடலைக் குழம்பு ஒண்ணு வைப்பாங்களே, காரே-காரே, அதை யாராவது வச்சிருக்கீங்களா? தொட்டுக்க பாகோங்னு இறால் விழுது, அதுக்கு எங்க போறது?

——

தம்பி, கூனி இறாலை வறுத்து உப்போட இடிச்சு, உள்ளி வெங்காயம் வதக்கி அதில பிரட்டுங்கோ. புளிக்க வச்ச அந்த மணம் வராது, ஆனா சோத்தோட இறங்கும். பீனட் பட்டர் வாங்கேக்க சீனி போடாததோ எண்டு பாருங்கோ. நான் பாக்கேல்ல, குழம்பு பாயாசமாப் போச்சு, எங்கட வீட்டில ரெண்டு நாளா அதுதான்.