புதுப்பிப்பு: ஆய்வேட்டுக்கு மூலங்கள் கிடைக்கவில்லை என்று கேட்டிருந்தேனே
முதுகலை ஆய்வேட்டின் இரண்டாம் இயலுக்கு ஒன்பது கட்டுரைக்கு மேல் தேறவில்லை, என்ன செய்வது என்று போன மாதம் கேட்டிருந்தேன். இப்போது 43 இருக்கிறது. பதில் சொன்ன எல்லாருக்கும் மனசார நன்றி.

புதுப்புதுச் சொற்களைப் போட்டுத் தேடுவதை விட்டுவிட்டு, கையில் இருந்த ஒரே நல்ல கட்டுரையைப் பிடித்துக்கொண்டேன். ஆய்வுக் கட்டுரைகளைத் தேடும் கூகுள் ஸ்காலரில் ஒவ்வொரு கட்டுரைக்கும் கீழே, அதை மேற்கோள் காட்டியவை எத்தனை என்று ஓர் இணைப்பு வரும் இல்லையா, அதைச் சொடுக்கி, அந்தக் கட்டுரைகளுக்குள் மட்டும் தேடும் கட்டத்தைத் தேர்ந்து என் தலைப்புச் சொல்லைப் போட்டேன். 212 கட்டுரைகள் 31 ஆகச் சுருங்கின. அதில் பாதி முன்பு என் கண்ணிலேயே படவில்லை, ஏனென்றால் அவற்றை எழுதியவர்கள் அதே கருத்துக்கு வேறு பெயர் வைத்திருந்தார்கள்!

காசு கேட்டவற்றுக்கு, உலாவியில் சேர்த்துக்கொள்ளும் அன்பேவால் (Unpaywall) நீட்சி உதவியது. கட்டுரைப் பக்கத்தின் ஓரத்தில் அது காட்டும் பூட்டு பச்சையானால் இலவசப் பிரதி சட்டப்படியே எங்கோ இருக்கிறது என்று அர்த்தம். அப்படியும் கிடைக்காத இரண்டுக்கு ஆசிரியர்களுக்கே மின்னஞ்சல் அனுப்பினேன், ஒருவர் மறுநாளே கோப்பை அனுப்பிவிட்டார்.

அப்புறம் ஒன்று. எல்லாவற்றையும் ஜோட்டெரோவில் (Zotero, மூலங்களைச் சேர்த்து வைக்கும் மென்பொருள்) சேர்த்தபோது ஒரு கட்டுரையின் மேல் சிவப்புப் பட்டை வந்தது, அது வெளியான பிறகு திரும்பப் பெறப்பட்ட கட்டுரையாம். அதை நம்பி எழுதிய இரண்டு பத்திகளை இன்று காலைதான் நீக்கினேன். சேகரிக்கத் தொடங்கும்போதே ஜோட்டெரோவை நிறுவிவிடுங்கள்.