மாடல் கிளைடர் டிரெய்லரில் நான்கு சைக்கிள்: ஏற்காடு போகும் வழியில் ஆடுகிறது, உதவுங்கள்

கொண்டலாம்பட்டி அப்பா:

வணக்கம். மூன்று வாரமாக ஒரே தலைவலி. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நானும் பெரியவனும் மாடல் கிளைடர் பறக்கவிடுகிறோம். மோட்டார் கிடையாது, ரிமோட் மட்டும்தான். காற்று மலைச்சரிவில் மோதி மேலே எழும் இடத்தில் விட்டால், காற்று இருக்கும் வரை நிற்கும். சேர்வராயன் மலையில் அப்படி ஒரு சரிவு எங்களுக்குக் கிடைத்திருக்கிறது. பெரிய கிளைடரின் இறக்கை நான்கு மீட்டர், இரண்டாகப் பிரித்தாலும் காருக்குள் போகாது. அதனால் எங்கள் பொலேரோ ஜீப்புக்குப் பின்னால் இழுக்கிற மாதிரி ஒற்றை ஆக்சில் டிரெய்லர் ஒன்று கட்டினோம். மேலே 2.8 மீட்டர் நீளப் பெட்டி, பின்பக்கம் கதவு.

சைக்கிள் எதற்கு என்று கேட்பீர்கள். கிளைடர் எப்போதும் நம் காலடியிலா இறங்குகிறது? காப்பித் தோட்டத்து மண்பாதையில் ஒன்றரை, இரண்டு கிலோமீட்டர் தள்ளிப் போய் உட்கார்ந்துவிடும். நடந்து போய் எடுத்துவந்தால் அரை நாள் போச்சு. அதோடு வீட்டம்மாவும் சின்னவளும் மேலே சுற்றுச்சாலையில் மிதிக்க ஆசைப்படுகிறார்கள். எனவே நான்கு சைக்கிள். பெட்டியின் பின்கதவுக்குப் பின்னால் இரும்பு ரேக் வைத்து அதில் மாட்டினேன்.

சிக்கல்:

பைபாஸில் 55 தாண்டினால் டிரெய்லர் இடமும் வலமும் ஆட ஆரம்பிக்கிறது. ஒரு தடவை ஜீப்பின் பின்பக்கத்தையே அசைத்துவிட்டது. மனைவி கண்ணை மூடிக்கொண்டாள்.

மலையேறும்போது கொக்கியில் டக், டக் என்று சத்தம். சைக்கிளை இறக்கிவிட்டால் சத்தம் இல்லை.

போன வாரம் ஒரு பெடல் கதவுத் தகட்டைக் குத்தி உள்ளே வளைத்து, இறக்கையின் பின்விளிம்பில் விரிசல். மூன்று மாதம் மணல் தாள் போட்டுத் தேய்த்துச் செய்த இறக்கை. மகன் இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை.

கயிற்றை மூன்று விதமாக மாற்றிக் கட்டிப் பார்த்துவிட்டேன். இன்னும் எப்படி இறுக்குவது?

அம்மாபேட்டை:

நைலான் கயிறு வேண்டாம். இழுபட்டுத் தளரும். ராட்செட் பெல்ட் (கைப்பிடியை நெம்பி இறுக்கும் பட்டை) வாங்குங்கள். டயரில் காற்று எவ்வளவு? குறைவாக இருந்தாலும் ஆடும்.

கொண்டலாம்பட்டி அப்பா:

இப்போது ராட்செட் பெல்ட்தான். சைக்கிள் ரேக்கை விட்டு ஒரு விரல் நகராது. காற்று இரண்டு பக்கமும் சமம், நேற்றுதான் பார்த்தேன். ஆனாலும் ஆடுகிறது.

சூரமங்கலம்:

ஒரு குட்டியானை வாடகைக்குப் பிடித்து எல்லாவற்றையும் அதில் ஏற்றிவிடலாமே?

கொண்டலாம்பட்டி அப்பா:

மாதம் இரண்டு முறை போகிறோம், கட்டுப்படியாகாது. காற்று சரியில்லை என்றால் அதே நாளில் இடம் மாற்றி நாகலூர்ப் பக்கம் போவோம், சாயங்காலம் வரை காத்திருப்போம். வாடகை வண்டிக்காரரை அப்படி நிறுத்திவைக்க முடியாது.

ஹடப்சர் பழையவர்:

தம்பி, கயிற்றை விட்டுவிடுங்கள். கோளாறு அங்கே இல்லை. கொக்கியில் வரும் சத்தத்தைக் கேட்டதும் எனக்கு விஷயம் புரிந்துவிட்டது, ஆனால் அளக்காமல் சொல்லக்கூடாது. நான் புனே ஹடப்சரில் ஆள் ஏறிப் பறக்கும் கிளைடர்களோடு பல வருடம் இருந்தவன். டிரெய்லர் இழுத்த அனுபவம் உண்டு.

ஒரு வேலை செய்யுங்கள். சமதளத்தில் ஜீப்பிலிருந்து டிரெய்லரைக் கழற்றுங்கள். சக்கரத்துக்கு இரு பக்கமும் கல் வையுங்கள். வீட்டில் எடை பார்க்கும் மெஷினைக் கொக்கிக்கு நேர் கீழே வைத்து, அதன்மேல் ஒரு மரக்கட்டையை நிறுத்தி, கொக்கி ஜீப்பில் இருக்கும் அதே உயரத்தில் கட்டைமேல் உட்காரும்படி செய்யுங்கள். சைக்கிள் இல்லாமல் ஒரு அளவு, சைக்கிளோடு ஒரு அளவு. அப்புறம் கொக்கியிலிருந்து ஆக்சில் எவ்வளவு தூரம், ஆக்சிலிலிருந்து சைக்கிள்களின் நடு எவ்வளவு தூரம், இவற்றையும் டேப் வைத்து அளந்து எழுதுங்கள். சைக்கிளோடு அளக்கும்போது யாராவது ஒருவர் முன்பக்கம் நிற்கட்டும்.

கொண்டலாம்பட்டி அப்பா:

ஐயா, அளந்தேன். இன்னும் நெஞ்சு படபடக்கிறது.

கிளைடரும் பெட்டியும் காலி ரேக்கும் சேர்த்து மொத்தம் 195 கிலோ. இது எடைமேடையில் பார்த்தது. சைக்கிள் இல்லாமல் கொக்கியில் 18 கிலோ. நான்காவது சைக்கிளை மாட்டியதும் கொக்கி தானாக மேலே தூக்கிக்கொண்டது! மகன் மேலே அழுத்திப் பிடித்தான். முன்பக்கம் ஆள் நிற்கச் சொன்னது ஏன் என்று அப்போதுதான் புரிந்தது.

கொக்கி முதல் ஆக்சில் வரை 240 செ.மீ. ஆக்சிலிலிருந்து பின்னால் சைக்கிள்களின் நடு 120 செ.மீ. நான்கு சைக்கிளும் சேர்த்து 56 கிலோ.

ஹடப்சர் பழையவர்:

நல்ல வேளை, இதை வீட்டு வாசலில் பார்த்தீர்கள்.

டிரெய்லர் ஒரு ஏற்றப்பலகை மாதிரி. ஆக்சில்தான் நடுத்தாங்கல். பின்னால் 120 செ.மீ. தள்ளி 56 கிலோ வைத்தால், 240 செ.மீ. முன்னால் இருக்கும் கொக்கியில் அதில் பாதி, 28 கிலோ குறையும். உங்களுக்கு இருந்ததே 18. ஆக, கொக்கி ஜீப்பைக் கீழே அழுத்துவதற்குப் பதில் 10 கிலோ விசையில் மேலே தூக்கிக்கொண்டிருந்தது. ரோடு மேடுபள்ளத்தில் ஒரு நொடி தூக்கும், ஒரு நொடி அமுக்கும். ஜீப்பில் இருக்கும் கொக்கிப் பந்துக்கும் அதன்மேல் உட்காரும் டிரெய்லரின் கிண்ணத்துக்கும் இடையில் இருக்கும் சிறு இடைவெளியில் அதுதான் டக், டக். ஆட்டத்துக்கும் அதே காரணம். முன்பக்கம் பாரம் இல்லாத டிரெய்லர் வேகத்தில் நேராக வராது. ஒரு சின்னக் காற்று, ஒரு லாரி கடந்து போவது போதும், வாலை ஆட்ட ஆரம்பித்துவிடும்.

பொதுவாக மொத்த எடையில் 5 முதல் 10 சதவீதம் கொக்கியில் இறங்க வேண்டும். உங்கள் வண்டிக்கு 15 முதல் 25 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பெரிய கிளைடர்களிலும் இதே கதைதான், அதனால்தான் எனக்கு உடனே பட்டது. 15 மீட்டர் இறக்கை உள்ள கிளைடரைப் பிரித்தால் ஒவ்வொரு இறக்கையும் ஏழரை மீட்டர் நீளம் இருக்கும். உடல் பகுதியை வால் முன்னே போகும்படி பெட்டிக்குள் தள்ளுவார்கள். ஆகவே கனமான காக்பிட் பின்கதவுப் பக்கம் வந்துவிடும். அதை ஈடுகட்டத்தான் அந்த டிரெய்லர்களில் ஆக்சிலை நடுவில் வைக்காமல் பின்னுக்குத் தள்ளி வைத்திருப்பார்கள். அவ்வளவு கணக்குப் பார்த்துக் கட்டிய வண்டியின் வாலில் இரண்டு சைக்கிளை மாட்டினால் கணக்கு அத்தனையும் போய்விடும். ஓடுதளம் நீளம் என்பதால் பறப்பவர்களுக்கு சைக்கிள் தேவைதான், ஆனால் அதை வைக்க வேண்டிய இடம் வால் அல்ல.

ரேக்கை எடுத்துவிடுங்கள் தம்பி. பாரம் ஆக்சிலுக்கு மேலே, ஒரு சாண் முன்னே தள்ளி இருக்க வேண்டும்.

அம்மாபேட்டை:

ஐயா, இரண்டு சைக்கிள் முன்னால் கொக்கிப் பக்கம், இரண்டு பின்னால் என்று வைத்தால் சமமாகிவிடாதா? ரேக்கை அறுக்க வேண்டியதில்லையே.

ஹடப்சர் பழையவர்:

தராசுக்குச் சமம், ரோட்டுக்குச் சமம் இல்லை. காவடி எடுத்தவரைப் பாருங்கள். இரண்டு முனையிலும் குடம் தொங்கினால் தோளில் சமமாகத்தான் இருக்கும். ஆனால் அவர் திரும்பத் தொடங்குவதும் கஷ்டம், திரும்பியதை நிறுத்துவது அதைவிடக் கஷ்டம். அதே இரண்டு குடத்தையும் மார்போடு அணைத்துக்கொண்டால் சட்டென்று திரும்பி நிற்கலாம். டிரெய்லரும் அப்படித்தான். பாரம் இரண்டு முனையில் இருந்தால், ஆட ஆரம்பித்த பிறகு அடங்காது.

இன்னொன்று, கொக்கிக்கும் பெட்டிக்கும் நடுவே குறுக்காக சைக்கிள் வைத்தால் கொண்டை ஊசி வளைவில் ஹேண்டில்பார் ஜீப்பின் பின்மூலையில் இடிக்கும். ஏற்காடு ஏற்றத்தில் அந்த வளைவுகள் இருபது. ஒன்றில் தப்பினாலும் இன்னொன்றில் மாட்டும்.

ஓமலூர் வெல்டிங்:

அண்ணா, பெட்டி மேலே வைக்கலாம், ஆனால் மேல்தகட்டில் நேராக வைத்துவிடாதீர்கள். அந்தத் தகடு மழைக்குத்தான், பாரத்துக்கு இல்லை. சேஸிலிருந்தே, அதாவது அடிச்சட்டத்திலிருந்தே, பெட்டியைச் சுற்றி ஆர்ச் மாதிரி இரண்டு வளையம் எழுப்ப வேண்டும். 40க்கு 40 மி.மீ. சதுரப் பைப் போதும். ஒரு வளையம் ஆக்சிலுக்குக் கொஞ்சம் முன்னால், இன்னொன்று கொஞ்சம் பின்னால். மேலே இரண்டையும் இணைத்து, சைக்கிள் சக்கரம் உட்கார நான்கு சேனல். வெல்டிங் முடிந்த இடத்தில் ரெட் ஆக்சைடு அடிக்காமல் விடாதீர்கள், மலையில் பனி ஈரம் சீக்கிரம் துரு ஏற்றும்.

பழைய ரேக்கை அறுக்கும்போது கிளைடரை வெளியே எடுத்து வையுங்கள். அதிலுள்ள தெர்மாகோல் பக்கத்தில் பொறி பறந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

மலைமிதி அக்கா:

சைக்கிள் பக்கமும் யாராவது பேச வேண்டுமே, நான் சொல்கிறேன்.

நான்கையும் ஒரே திசையில் நிறுத்தாதீர்கள். ஒன்று முன்னோக்கி, அடுத்தது பின்னோக்கி. அப்போது ஹேண்டில்பார்கள் ஒன்றோடொன்று முட்டாது. பக்கத்து சைக்கிளைப் பார்த்திருக்கும் பெடலை ஸ்பானர் போட்டுக் கழற்றிவிடுங்கள். வலது பெடல் வழக்கமான திசையில் கழலும், இடது பெடலுக்கு எதிர்த்திசை. இது தெரியாமல் மரை போனவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

உயரம் குறைய முன்சக்கரத்தைக் கழற்றி, அதைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கை மாட்டலாம். டிஸ்க் பிரேக், அதிலும் எண்ணெயால் இயங்கும் ஹைட்ராலிக் என்றால் சக்கரம் இல்லாதபோது பிரேக் லிவரை யாரும் பிடிக்கக்கூடாது. பேடுகள் நெருங்கி ஒட்டிக்கொள்ளும், பிறகு டிஸ்க் உள்ளே நுழையாது. இரண்டு பேடுக்கு நடுவே மடித்த அட்டை ஒன்றைச் செருகிவிடுங்கள். சைக்கிளைத் தலைகீழாகவும் வைக்க வேண்டாம், எண்ணெயில் காற்று ஏறி பிரேக் மெத்தென்று ஆகிவிடும். அதோடு மலை இறங்கினால் ஆபத்து.

கார்பன் ஃபிரேமாக இருந்தால் பெல்ட்டை ஃபிரேமில் போட்டு இறுக்காதீர்கள், சக்கரத்திலும் ஃபோர்க்கிலும் மட்டும் பிடியுங்கள். இரும்போ அலுமினியமோ என்றால் பழைய டியூபை வெட்டிச் சுற்றிவிட்டுக் கட்டலாம்.

அழகாபுரம் வக்கீல்:

அதிகம் பேச மாட்டேன், ஆனால் யாரும் தொடாத விஷயம். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தில் மோட்டார் வாகனம் என்ற சொல்லுக்குள் டிரெய்லரும் அடக்கம். ஆகவே அதற்குத் தனிப் பதிவு வேண்டும். ஆர்டிஓ அலுவலகத்தில் நேரில் கேட்டுச் செய்துகொள்ளுங்கள். இன்சூரன்ஸிலும் டிரெய்லர் இழுப்பதைச் சொல்லிவிடுங்கள். எண் பலகை, பின்விளக்கு, இண்டிகேட்டர் எதையும் சைக்கிள் மறைக்கக்கூடாது. உங்கள் பழைய ரேக் மறைத்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

கொண்டலாம்பட்டி அப்பா:

உண்மைதான், மறைத்தது. பதிவு வேலையைத் தொடங்கிவிட்டேன், முடிந்த பிறகுதான் அடுத்த பயணம்.

ஐயா, சைக்கிள் மேலே போனால் வண்டி தலைகனமாகி வளைவில் சாயாதா?

ஹடப்சர் பழையவர்:

சரியான கேள்வி. உயரே போவதும் நல்லதில்லைதான். ஆனால் கொண்டை ஊசி வளைவை நீங்கள் 10, 15 வேகத்தில்தான் எடுப்பீர்கள், அதில் சாயாது. பைபாஸில் 50ஐத் தாண்ட வேண்டாம். பெட்டிக்குள் கனமான பேட்டரி, கருவிப்பெட்டி எல்லாம் தரையோடு, ஆக்சில் பக்கமாக இருக்கட்டும்.

இறங்குவதைப் பற்றி இரண்டு வார்த்தை. உங்கள் டிரெய்லருக்கு பிரேக் இல்லை. இறக்கத்தில் அது ஜீப்பை முன்னே தள்ளும். எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள், பிரேக்கை மிதித்தபடியே வராதீர்கள். வளைவில் டிரெய்லர் சக்கரம் ஜீப் சக்கரத்தின் தடத்தில் வராது, உள்பக்கமாக வெட்டி வரும். அதனால் அகலமாக எடுக்க வேண்டும், எதிரே ஏறி வருபவருக்கு வழிவிட்டு நின்று எடுங்கள். ஏறுபவருக்கே முன்னுரிமை.

எப்போதாவது ஆட ஆரம்பித்தால் பிரேக்கைப் பலமாக மிதிக்காதீர்கள், ஸ்டியரிங்கைத் திருப்பிச் சரிசெய்யவும் பார்க்காதீர்கள். நேராகப் பிடித்து ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள். வேகம் குறைந்தால் தானே அடங்கும்.

கொண்டலாம்பட்டி அப்பா:

ஒன்றரை மாதம் கழித்து எழுதுகிறேன். நேற்று போய்வந்தோம்.

ஓமலூர்த் தம்பி சொன்னபடியே வளையம் எழுப்பினோம். சைக்கிள்களின் நடு ஆக்சிலுக்கு 10 செ.மீ. முன்னால். கணக்குப்படி கொக்கியில் 20 வர வேண்டும், மெஷின் 24 காட்டியது. எங்கே தப்பு என்று ராத்திரி முழுக்க யோசித்தோம். மகன்தான் கண்டுபிடித்தான். பின்னால் இருந்த 8 கிலோ ரேக்கை அறுத்து எடுத்ததைக் கணக்கில் சேர்க்கவில்லை! அது போனதில் கொக்கிக்கு நான்கு கிலோ கூடியிருக்கிறது. புது வளையமும் சேனலும் சேர்ந்து மொத்தம் 257 கிலோவுக்கு 24.

பைபாஸில் 50இல் வந்தேன். ஒரு பஸ் உரசுகிற மாதிரி கடந்துபோனது, டிரெய்லர் அசையவில்லை. அடிவாரத்தில் நிறுத்தி பெல்ட்டைத் தொட்டுப் பார்த்தேன். இருபது வளைவிலும் ஒரு சத்தம் இல்லை. மனைவி கண்ணைத் திறந்துகொண்டே வந்தாள்.

ஒட்டிய இறக்கையோடு பெரிய கிளைடர் நாற்பது நிமிடம் நின்றது. பிறகு வழக்கம்போல் சில்வர் ஓக் மரங்களுக்கு அப்பால் இறங்கிவிட்டது. எஸ்டேட்காரரிடம் சொல்லிவிட்டு மகனும் மகளும் சைக்கிளில் போய்ப் பத்து நிமிடத்தில் எடுத்துவந்தார்கள்.

இப்போது மொத்த உயரம் 2.3 மீட்டர். மறந்து எந்த ஷெட்டுக்குள்ளும் நுழைந்துவிடக் கூடாது என்று டேஷ்போர்டில் எழுதி ஒட்டியிருக்கிறேன். ஐயாவுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

ஹடப்சர் பழையவர்:

படித்துச் சந்தோஷப்பட்டேன் தம்பி. வெல்டிங்குக்காக சக்கரத்தைக் கழற்றியிருப்பீர்கள். 50 கிலோமீட்டர் ஓடிய பிறகு வீல் நட்டுகளை மறுபடி ஒருமுறை இறுக்க வேண்டும், நேற்றைய பயணத்தில் அது தாண்டியிருக்கும். இன்றைக்கே பார்த்துவிடுங்கள்.

கொண்டலாம்பட்டி அப்பா:

இப்போதே ஸ்பானரை எடுக்கிறேன் ஐயா.