கர்சருக்கு பிஎன்ஜி படம் வைத்தால் க்ளிக் தள்ளி விழுகிறது

கேள்வி:
என் வலைப்பக்கத்துக்கு ஒரு வட்ட வடிவக் கர்சர், 150 பிக்சல் பிஎன்ஜி படம். சிஎஸ்எஸ்ஸில் (பக்கத்தின் தோற்றத்தை எழுதும் மொழி) படத்தின் யூஆர்எல் கொடுத்தால் படமே வரவில்லை. 64-க்குச் சுருக்கினால் வருகிறது. ஆனால் க்ளிக், வட்டத்தின் நடுவில் விழாமல் தள்ளி விழுகிறது. பக்கத்தின் ஓரத்தில் சாதாரண அம்புக்குறியாகிவிடுகிறது. பேசாமல் ஜாவாஸ்கிரிப்டில் ஒரு டிவ்வை (பக்கத்துக்குள் வரையும் பெட்டி) மவுஸ் பின்னால் ஓடவிடலாமா?

பதில் 1:
குரோம், ஃபயர்ஃபாக்ஸ் இரண்டிலும் உச்சவரம்பு 128-க்கு 128 பிக்சல். தாண்டினால் படத்தை ஒதுக்கிவிடும். 32-ஐத் தாண்டிய படம் பிரௌசரின் சொந்தப் பட்டைகள்மீது நீட்டிக்கொண்டால் அம்புக்குறிக்கு மாற்றிவிடும். அட்ரஸ் பாரை மறைத்து யாரையும் ஏமாற்றக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது, தேவையானதும்கூட. 32-க்கே வந்துவிடுங்கள்.

க்ளிக் தள்ளி விழக் காரணம் ஹாட்ஸ்பாட், அதாவது படத்தில் க்ளிக் விழும் புள்ளி. எண் கொடுக்காத பிஎன்ஜிக்கு மேல் இடது மூலைதான் முனை. யூஆர்எல்லுக்கு அடுத்து 16 16 என்று எழுதுங்கள். பிறகு கமா போட்டு 'ஆட்டோ' (படம் வராவிட்டால் காட்டும் சாதாரணக் கர்சர்). அதை விட்டால் அந்த வரியே செல்லாது.

பதில் 2:
டிவ் வேண்டவே வேண்டாம். நிஜக் கர்சரை ஆபரேட்டிங் சிஸ்டமே நகர்த்துகிறது; டிவ் நகர ஜாவாஸ்கிரிப்ட் ஓடி, பக்கம் மறுபடி வரையப்பட வேண்டும். பக்கம் திணறினால் குறி கைக்குப் பின்தங்கும். 'பாயின்டர் ஈவென்ட்ஸ்: நன்' போட மறந்தால் குறிக்கு அடியில் உள்ள க்ளிக்கை எல்லாம் டிவ்வே விழுங்கிவிடும்.

பதில் 3:
சிஎஸ்எஸ்ஸில் நட்சத்திரக் குறியிட்டு இந்தக் கர்சரைப் பக்கத்தின் எல்லா எலிமென்ட்டுக்கும் (உறுப்புகளுக்கும்) கொடுக்காதீர்கள். லிங்க் மீது கை, எழுத்துப் பெட்டியில் ஐ வடிவக் கோடு இரண்டும் போய்விடும். எதை அழுத்தலாம், எங்கே தட்டச்சு செய்யலாம் என்பது தெரியாது. பார்வைக் குறைபாட்டால் கர்சரின் நிறத்தை மாற்றி வைத்திருப்பவர்களின் தேர்வையும் உங்கள் படம் அழித்துவிடும். ஒரு கேலரி, ஒரு வரைபலகை, அந்த அளவோடு நிறுத்துங்கள்.