புதுப்பிப்பு: கண்ணாடியில் ஒட்டிய படமும் பட்டாளத்துக் கடிதமும்

இரண்டாம் உலகப்போர்க் காலக் கடிதங்களையும் புகைப்படங்களையும் பிளாஸ்டிக் உறையில் போட முந்தைய குறிப்பில் சொல்லியிருந்தேன். திருத்தம்: பிவிசி என்ற பிளாஸ்டிக் வகை உறை வேண்டவே வேண்டாம். குமரி மாவட்டத்துக்கு ஆனி மழையும் உண்டு, ஐப்பசி மழையும் உண்டு. அடைபட்ட ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும். அமிலமில்லாத காகித உறையே நல்லது.

பலர் கேட்டது, சட்டத்துக்குள் கண்ணாடியோடு ஒட்டிப்போன படம். பிய்க்காதீர்கள். ஈரத்தில், படத்தின் உருவத்தைத் தாங்கும் ஜெலட்டின் பூச்சு இளகிக் கண்ணாடியைப் பிடித்திருக்கும். இழுத்தால் முகம் கண்ணாடியிலும் வெறும் தாள் கையிலுமாக நிற்கும். கண்ணாடியோடே 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) ஸ்கேன் எடுங்கள்.

கடித உறையை எறியாதீர்கள். இருக்கும் இடத்தை எழுதப் பட்டாளத்தாருக்குத் தடை இருந்தது. கள அஞ்சலக (படையோடு இருந்த தபால் நிலைய) முத்திரையின் எண்ணும் தேதியும்தான் பர்மாவா எகிப்தா என்று காட்டிக்கொடுக்கும். கிழிசலில் செலோடேப் ஒட்டினால் பசை மஞ்சளாக ஊறிவிடும். படத்தின் பின்னால் பெயர் குறிக்க 2பி பென்சில், அழுத்தாமல்.